கண்காட்சியில் வீடியோ கேம் காட்டும் ஸ்டாண்ட் கவிழாமல் இருக்க என்ன வழி?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு அரங்குகளில் தங்கள் கேமைக் காட்ட விரும்பும் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி கட்டாயம் எழும். திரை, கேம் கருவி, கன்ட்ரோலர் மூன்றையும் தாங்கி, கழற்றினால் கார் டிக்கியில் அடங்கிவிடும் சட்டகமே இந்த ஸ்டாண்ட்.

திரை உயரத்தில் இருப்பதால் மொத்த எடையும் குவியும் புள்ளி மேலே ஏறிவிடுகிறது. ஆட்ட மும்முரத்தில் யாராவது வயரை இழுக்க, அந்தப் புள்ளி அடிப்பாகத்தின் விளிம்பைத் தாண்டிய நொடியே எல்லாம் சாய்ந்துவிடும். குத்துவிளக்கைப் பாருங்கள், அகன்று கனத்த பாதம்தான் அதை நிறுத்துகிறது. அதனால் கேம் கருவி, அடாப்டர், ஒரு மணல் பை எல்லாம் கீழ்த்தட்டுக்கே போகட்டும். கன்ட்ரோலர் வயரையும் அந்தத் தட்டோடு கட்டிவிடுங்கள். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். திரையின் பின்புறத் திருகுத் துளைகளுக்கு இடையே பெரும்பாலும் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இருக்கும். அளந்த பிறகே, திரையை மாட்டும் பலகையில் துளையிடுங்கள்.

தடித்த பலகையில் செய்தால் கவிழாது என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் கனம் மேலே சேர்ந்தால் இன்னும் எளிதாகக் கவிழும்.