டப்ளின் பையனுக்கு வந்த அழைப்பு

வணக்கம். உங்கள் டப்ளின் நண்பரின் மகனுக்கு வயது 17, இங்கிலாந்தின் நான்காம் அடுக்குக் கால்பந்துக் கிளப் ஒன்று உடனே வரச்சொல்கிறது, பள்ளியை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்தவே வேண்டாம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட்டுக்குப் பிறகு, 18 வயது நிறையாத அயர்லாந்து வீரரை இங்கிலாந்துக் கிளப் பதிவு செய்ய உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி பொதுவாக இடம் தருவதில்லை. முன்பு 16 வயதிலேயே போக முடிந்தது. அந்தச் சலுகை ஐரோப்பிய ஒன்றியத்தோடு போய்விட்டது. "உடனே" என்று அவசரப்படுத்துபவர் முகவர் என்றால், எனக்கு அந்த ஆள்மேல்தான் சந்தேகம்.

18 நிறைவதற்குள் பையன் லீவிங் சர்ட் என்ற அயர்லாந்தின் பள்ளி இறுதித் தேர்வை எழுதிவிடலாம். அயர்லாந்து லீக்கில், வயதில் மூத்த ஆண்களோடு மோதிப் பழகுவதும் சாதாரணப் பயிற்சி அல்ல. அயர்லாந்து வீரர் சீமஸ் கோல்மன் உள்ளூர்க் கிளப்பான ஸ்லைகோ ரோவர்ஸில் ஆடிவிட்டு, 2009-ல் 20 வயதில்தான் இங்கிலாந்துக் கிளப்பான எவர்டனுக்குப் போனார். விலை 60,000 பவுண்டு!

கீழ் அடுக்கு என்று முகம் சுளிக்கவும் வேண்டாம். அயர்லாந்து கோல்கீப்பர் கவின் பசுனு மான்செஸ்டர் சிட்டியிலிருந்து கடனாக (தற்காலிகமாக ஆட) ராச்டேல் கிளப்புக்குப் போனார். அணி மூன்றாம் அடுக்கிலிருந்தே கீழிறங்கியது. அடுத்து போர்ட்ஸ்மத், அதுவும் மூன்றாம் அடுக்கு. அங்கே இருந்தபோதுதான், 2021 செப்டம்பரில், 19 வயதில், போர்ச்சுகலுக்கு எதிராக அயர்லாந்து அணிக்கு ஆடி ரொனால்டோவின் பெனால்டியைப் பாய்ந்து தடுத்தார். (கடைசி நிமிடங்களில் ரொனால்டோ இரண்டு கோல் அடித்து வென்றது வேறு கதை.)

ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, தங்குவது எங்கே, காயம் பட்டால் செலவு யாருடையது, இவற்றை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.