அன்ரிபயோட்டிக் குடிக்காதவருக்கும் மருந்துக்கு அடங்காத கிருமி வருமா?

"நான் அன்ரிபயோட்டிக் குடிப்பதே அபூர்வம். மருந்துக்கு அடங்காத கிருமி எனக்கு வராதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். என் அம்மாவுக்கு வந்தது. காய்ச்சல் வந்தால் மல்லித் தண்ணீரோடு சமாளிக்கிறவர் அவர்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்குச் சிறுநீர்த் தொற்று. சிப்ரோபுளொக்சசின் என்ற அன்ரிபயோட்டிக் குளிசை போட்டும் நடுக்கக் காய்ச்சல் விடவில்லை. சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்தபோது ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா என்று வந்தது. வழக்கமாகக் கொடுக்கும் குளிசை எதற்கும் அது சாகவில்லை. வாட்டில் வைத்து மெரோபெனம் ஊசி ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். அங்கே டொக்டர் என்னிடம் கேட்டார், "வீட்டில ஆடு, மாடு, கோழி இருக்கோ?"

இருந்தது. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எங்கள் வளவிலேயே ஐந்நூறு இறைச்சிக்கோழி வளர்த்தேன். "குஞ்சு இறக்கின அண்டைக்கே இதைத் தண்ணியில கலந்து விடுங்கோ தம்பி, சாவு குறையும்" என்று தீன் கொண்டு வருபவர் சொன்னார். நோயே இல்லாத குஞ்சுகளுக்கு என்ரோபுளொக்சசின் கொடுத்தேன். அதுவும் சிப்ரோபுளொக்சசினும் ஒரே குடும்பம். கோழியின் உடம்புக்குள் அதில் ஒரு பகுதி சிப்ரோபுளொக்சசினாகவே மாறுகிறது. இதை அறிந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அம்மாவின் கிருமி என் கொட்டிலில் உருவானது என்று எவரும் நிரூபிக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட கிருமி பெருகுவதற்கு வேண்டியதை நாள் தவறாமல் செய்தது நான்.

மருந்துக்குப் பழகுவது உங்கள் உடம்பு அல்ல, கிருமி. மருந்து பட்டதும் மற்றவை சாக, தாங்கக்கூடியவை தப்பிப் பெருகும். அந்தத் தாங்கும் மரபணு சின்னஞ்சிறு டிஎன்ஏ வளையமாக வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கைமாறும். கொலிஸ்டின் என்பது வேறு எதுவும் பலிக்காதபோது டொக்டர்கள் எடுக்கும் மருந்து. அதை முறியடிக்கும் எம்சிஆர்-1 மரபணுவை 2015 இல் சீனாவில் பன்றியிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் கண்டார்கள். கால்நடை வளர வேண்டும் என்று தீனில் கொலிஸ்டின் கலந்த நாடு அது. 2017 இல் அதை நிறுத்தியது. 2019 இல் மட்டும் இப்படி மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் இறந்தார்கள் என்பது கணிப்பு.

யாழ்ப்பாணத்தில் எனக்குப் பெரிய பயம் கிணறுதான். வருடம் முழுக்க ஓடும் ஆறு நமக்கில்லை. நிலத்துக்குக் கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். மணலில் ஊறி இறங்கும் தண்ணீர் கொஞ்சமாவது வடிபடும், கல்வெடிப்பில் அதற்கு நேரமில்லை. ஒரே வளவுக்குள் மலக்குழி, கிணறு, கோழிக்கொட்டில். கோழி எரு வெங்காயத் தோட்டத்துக்குப் போகிறது. மாரி மழைக்கு எல்லாம் கீழே இறங்குகிறது. குளிசை போடாதவரும் அந்தத் தண்ணீரைத்தான் அள்ளுகிறார்.

சரி, என்ன செய்யலாம்? தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், இறைச்சியை நன்றாக வேக வையுங்கள். மருந்துக்கு அடங்காத கிருமியும் சூட்டுக்குச் சாகும். பச்சை இறைச்சி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் சம்பலுக்கு வெங்காயம் வெட்டாதீர்கள். நான் இப்போது குஞ்சுகளுக்கு ராணிக்கெட், கம்போரோ தடுப்பூசிகளைத் தவறாமல் போடுகிறேன். இரண்டும் வைரஸ் நோய்கள், அவற்றுக்கு அன்ரிபயோட்டிக் கொடுத்தும் பயனில்லை. மிருக வைத்தியர் பார்த்துச் சொன்னால் மட்டுமே மருந்து. எருவையும் குவித்து, சூடேறி உக்கிய பிறகுதான் தோட்டக்காரருக்குக் கொடுக்கிறேன்.