கேளுங்க, சொல்றோம்: ஃபைல் சைஸ் குறையவே மாட்டேங்குதே!

கேள்வி: பொண்ணு காலேஜ் அப்ளிகேஷனுக்கு மார்க்‌ஷீட், டிசி, கம்யூனிட்டி சர்டிபிகேட்னு ஆறு பக்கம் போன்ல போட்டோ எடுத்து ஒரே பிடிஎஃப்பா ஆக்குனேன், 18 எம்பி வருது. 1 எம்பிக்குள்ள கேக்குறாங்க. ஜெராக்ஸ் கடையில குடுத்து குறைச்சா உள்ள இருக்கறது ஒண்ணுமே படிக்க முடியல. இன்னா பண்றதுன்னே தெரியல சார்.
- வாசகி, குடியாத்தம்

அம்மா, கடைக்காரர குத்தம் சொல்ல முடியாது, 18 எம்பிய ஒரேயடியா அமுக்கினா முதல்ல அடிபடறது எழுத்துதான். அதுவும் தமிழ்ல புள்ளி ரொம்ப சின்னது, அது கரைஞ்சா 'க்' வந்து 'க' ஆயிடும், பேருல அப்படி ஆச்சுன்னா வெரிஃபிகேஷன்ல நிக்கவெச்சு கேள்வி கேப்பாங்க. அதனால கடைசியில போய் குறைக்கிறத விட்டுட்டு, எடுக்கும்போதே சின்னதா எடுக்கிற வழிய பாருங்க.

மொதல்ல இந்த ஆறுல எதெல்லாம் போட்டோவே எடுக்க வேணாம்னு பிரிச்சுடுங்க. பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்‌ஷீட் டிஜிலாக்கர்ல கிடைக்குது. கம்யூனிட்டி சர்டிபிகேட் இ-சேவையில வாங்குனதா இருந்தா அதுவும் பிடிஎஃப்பாவே இருக்கும். இதுல இருக்கறது படம் இல்ல, எழுத்து எழுத்தாவே இருக்கும், அதனாலதான் சைஸ் கம்மி, எவ்ளோ பெருசு பண்ணி பாத்தாலும் உடையாது. இத பிரின்ட் போட்டு திரும்ப போட்டோ எடுத்தா நாமளே சைஸ ஏத்திக்கிறோம். இன்னொண்ணு முக்கியம்மா, டிஜிட்டல் கையெழுத்து இருக்கற பிடிஎஃப்ப கம்ப்ரெஸ் பண்ணவும் கூடாது, மத்ததோட சேர்க்கவும் கூடாது, ஃபைல் கொஞ்சம் மாறினாலும் அந்த கையெழுத்து செல்லாம போயிடும். தனித்தனியா அப்லோட் பண்ண எடம் இருந்தா அப்படியே போடுங்க.

மிச்சம் இருக்கறது டிசி மாதிரி பேப்பர்தான். அத பாய் மேலயோ பூப்போட்ட பெட்ஷீட் மேலயோ வெச்சு எடுக்காதீங்க, பாயோட ஒவ்வொரு கோரையையும் கேமரா பதிவு பண்ணும், அதுக்கெல்லாம் சேத்துதான் எம்பி ஏறுது. ஜன்னல் வெளிச்சத்துல வெச்சு, கேமராவுக்கு பதிலா ஸ்கேன் ஆப்ல எடுங்க, ஆண்ட்ராய்டு போன்னா கூகுள் டிரைவ்லயே ஸ்கேன் இருக்கு, ஓரத்த அதுவே வெட்டிடும். அப்புறம் கலர எடுத்துட்டு கிரே போடுங்க, படத்துல இருக்கற ஒவ்வொரு புள்ளிக்கும் (பிக்சல்) கலர்ல 3 பைட் வேணும், கிரேக்கு 1 போதும். சுத்த பிளாக் அண்ட் ஒயிட் மட்டும் வேணாம், சீலும் பின்னாடி இருக்கற டிசைனும் கறுப்பா அப்பிக்கும்.

கடையில ஸ்கேன் பண்ணா 150 டிபிஐல போடச் சொல்லுங்க, டிபிஐன்னா ஒரு இன்ச்சுக்கு எத்தன புள்ளிங்கற கணக்கு. ஏ4 பேப்பர் 300 டிபிஐல 2480-க்கு 3508 புள்ளி, அதாவது 87 லட்சம், 150-ல அதுல கால்வாசிதான். டிபிஐ பாதியானா சைஸும் பாதி ஆகும்னு நெனைக்கிறாங்க, இல்ல, நீளத்துலயும் குறையுது அகலத்துலயும் குறையுது. ஆறு பக்கமும் ஒரே ஃபைலா 1 எம்பிக்குள்ள வேணும்னா பக்கத்துக்கு 170 கேபி வரும், பொடி எழுத்து இல்லாத சர்டிபிகேட்டுக்கு அது போதும். முடிச்சதும் பேரையும் பொறந்த தேதியையும் பெருசு பண்ணி ஒருதடவ பாத்துட்டு அனுப்புங்க.

கேள்வி: புராஜெக்ட் ரிப்போர்ட் வேர்ட்ல 60 எம்பி. ஜிப் பண்ணாலும் கிட்டத்தட்ட அதேதான்.
- இன்ஜினியரிங் மாணவர், காட்பாடி

வேர்டோட டாக்ஸ் (.docx) ஃபைலே உள்ளுக்குள்ள ஜிப்தான் தம்பி, போன் போட்டோ மாதிரி ஜேபெக் (.jpg) படமும் ஏற்கனவே அமுக்குனதுதான், திரும்ப அமுக்க அங்க ஒண்ணும் இல்ல. நீங்க படத்த கிராப் பண்ணிருப்பீங்க, ஆனா வெட்டுன பகுதி கண்ணுக்குதான் தெரியல, ஃபைல்ல அப்படியே இருக்கு. ஒரு படத்த கிளிக் பண்ணி, மேல பிக்சர் ஃபார்மேட்ல கம்ப்ரெஸ் பிக்சர்ஸ் போங்க, வெட்டுன பகுதிய அழிக்கிற டிக்க போட்டுட்டு, எல்லா படத்துக்கும்னு வெச்சு 150 பிபிஐ (ppi) குடுங்க. அப்புறம் வேர்ட்லயே பிடிஎஃப்பா சேவ் பண்ணுங்க, பிரின்ட் போட்டு ஸ்கேன் பண்ற வேலையே வேணாம்.

கேள்வி: ஆதார் காப்பிய குறைக்க இலவச வெப்சைட் யூஸ் பண்ணலாமா?
- வாசகர், சத்துவாச்சாரி

வேணாங்க. குறைக்கிற வேல பெரும்பாலும் நடக்கறது அவங்க சர்வர்ல, நம்ம ஆதார் அங்க போய்தான் திரும்புது. ஆதார் சைட்லயே கடைசி 4 நம்பர் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதார் டவுன்லோட் பண்ணலாம், அதோட சைஸே கம்மிதான், ஒத்துக்கற எடத்துலல்லாம் அதையே குடுங்க.

கேள்வி: தாத்தா காலத்து கிரயப் பத்திரம், 'வட ஆற்காடு ஜில்லா'ன்னு எழுதுனது, ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கோம். 40 எம்பி. வக்கீலுக்கு மெயில்ல போகல. குறைச்சு வெச்சுட்டு பெரிய ஃபைல அழிச்சிடலாமா?
- வாசகர், ஆற்காடு

அழிச்சிடாதீங்க ஐயா! ஜேபெக்ல ஒருதடவ குறைச்சா போனது போனதுதான், குறைச்சதையே திரும்ப குறைச்சா இன்னும் மோசமாகும். மங்குன மசி, மடிச்ச கோட்டு மேல இருக்கற சர்வே நம்பர், நாலெல்லை விவரம், இதெல்லாம் 3-ஆ 8-ஆன்னு தெரியாம போனா நாளைக்கு நெலத்து மேலயே சண்டை வரும். பழைய பத்திரத்துக்கு 300 டிபிஐ கலர்ல எடுத்தது ஒண்ணு எப்பவும் இருக்கணும், பென்டிரைவ்ல ஒரு காப்பி, கூகுள் டிரைவ்ல ஒரு காப்பி. வக்கீலுக்கு அனுப்ப குறைக்கவே தேவையில்ல, ஜிமெயில்ல 25 எம்பிதான் போகும், அதுக்கு மேலன்னா டிரைவ் லிங்கா அனுப்புங்க. வாட்ஸ்அப்ல அனுப்புனா போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமென்ட்னு இருக்கறதுல போடுங்க, போட்டோவா போனா அதுவே குறைச்சுடும்.

பேர் வெக்கும்போது ஸ்கேன்001-னு விட்டுடாதீங்க. வட ஆற்காடு 1989-ல பிரிஞ்சு, 2019-ல ராணிப்பேட்டை தனி மாவட்டமும் ஆயிடுச்சு, பத்திரத்துல ஒரு ஜில்லா, இன்னைக்கு ரெக்கார்டுல இன்னொரு மாவட்டம். ஊர் பேர், பத்திர நம்பர், வருஷம், இப்ப இருக்கற தாலுகா, எல்லாத்தையும் ஃபைல் பேருலயே போட்டு வெச்சா பசங்க தேடும்போது கிடைக்கும்.