பிளான்ட் பாடுவதில்லை, முணுமுணுக்கிறார்!

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பத் தகராறு, வேலைப் பிரச்சினை என்று பலரும் எழுதுகிற இடத்தில் இவன் பாட்டைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். ஒரு பாடகரால் எனக்கும் என் நெடுநாள் நண்பனுக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோய்விட்டது.

பாடகர் ராபர்ட் பிளான்ட். லெட் செப்பலின் என்ற ஆங்கில ராக் குழுவின் குரல். 1980 செப்டம்பரில் டிரம்மர் ஜான் பான்ஹாம் இறந்தார். டிசம்பரில் குழுவைக் கலைத்துவிட்டார்கள். அதன் பிறகு பிளான்ட் தனியாகப் போட்ட ஆல்பங்கள்தான் சண்டைக்குக் காரணம். என் கட்சி எளிமையானது. 1993-ல் வந்த 'ஃபேட் ஆஃப் நேஷன்ஸ்' வரைக்கும் மனிதர் பாடினார், அதற்குப் பிறகு முணுமுணுக்கிறார். நண்பன் கட்சி நேர் எதிர். பிந்தைய ஆல்பங்கள்தான் உயர்ந்தவையாம், செப்பலின் காலத்தையே மிஞ்சியவையாம்!

நான் கண்ணை மூடிக்கொண்டு பழசைப் புகழ்கிறவன் அல்ல. 1982-ல் வந்த 'பிக்சர்ஸ் அட் லெவன்' ஆல்பத்தில் எட்டுப் பாடல்கள். ஆறுக்கு ஃபில் காலின்ஸ் டிரம்ஸ், இரண்டுக்கு கோஸி பவல். ராபி பிளன்ட்டின் கிடார் இருக்கிறதே, அதை இன்றைக்கும் வரி வரியாகச் சொல்வேன். 1985-ன் 'ஷேக்கன் அண்ட் ஸ்டர்ட்' சுமார்தான், சின்தசைசரைக் கொட்டிக் கெடுத்தது. அதை ஒப்புக்கொள்கிறேன். 1988-ன் 'நவ் அண்ட் ஜென்' ஆல்பத்தில் செப்பலின் கிடார்காரர் ஜிம்மி பேஜே வந்து இரண்டு பாடல்களுக்கு வாசித்தார். இதெல்லாம் தெரிந்துதான் பேசுகிறேன்.

பிறகு 2007. அக்டோபரில் அமெரிக்கப் பாடகி ஆலிசன் க்ராஸுடன் 'ரைஸிங் சாண்ட்' ஆல்பம். டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் செப்பலின் மறுபடி ஒன்றுகூடியது. உலகமே சுற்றுப்பயணத்துக்குக் காத்திருந்தது. பிளான்ட் மாட்டேன் என்று சொல்லிவிட்டு க்ராஸோடு ஊர் ஊராகப் போனார். மற்ற மூவரும் வேறு பாடகரை வைத்து ஒத்திகை பார்க்கிற நிலைமை வந்தது. இது துரோகம் இல்லையா? உடனே நண்பன், 'அந்த ஆல்பம் ஐந்து கிராமி விருது வாங்கியதே' என்பான். கிராமி கொடுத்தால் முணுமுணுப்பு பாட்டாகிவிடுமா?

அந்த ஆல்பத்தை நானும் கேட்காமல் இல்லை. எத்தனை தடவை போட்டாலும் கம்பளி போர்த்திவிட்டதுபோல மந்தமாகத்தான் இருக்கிறது. டிரம்ஸில் சிம்பல் என்று ஒரு தட்டு இருப்பதே தெரியவில்லை. பிளான்ட் வார்த்தைகளை விழுங்குகிறார். ஹெட்போனை மாற்றினேன், ஆம்ப்ளிஃபயரில் மேல் சுருதிகளைக் கூட்டுகிற ட்ரெபிளை முழுக்கத் திருகி வைத்தேன் (இரவில் படுத்தால் இடது காதில் சில்வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் ஓடுகிறது, புது ஹெட்போன் அழுத்துவதால் இருக்கும், அது கிடக்கட்டும்), வால்யூமையும் ஏற்றினேன். ஒன்றும் மாறவில்லை. 'பேண்ட் ஆஃப் ஜாய்', 'கேரி ஃபயர்', 'ரைஸ் த ரூஃப்' எல்லாம் இதே கதைதான்.

கடைசியாக நண்பர்கள் கூடியபோது 'ரைஸிங் சாண்ட்' போட்டார்கள். "ரெண்டு பேரும் மூச்சு இழுக்கறதுகூடக் கேக்குதுடா, அவ்வளவு கிட்ட வெச்சுப் பதிவு பண்ணிருக்காங்க" என்றான் அந்த நண்பன். "இல்லாததைக் கேட்டதா அளக்காதே" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொன்னதில் என்ன தப்பு? எழுந்து போய்விட்டான். போகும்போது ஏதோ சொன்னான், அவனும் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறான். திருப்பிக் கேட்டால் 'அப்பவே சொன்னேனே' என்று எரிந்து விழுவான். மகளிடம் போனில் சொல்லி ஆறுதல் தேடினால் அவளும் அவன் பக்கம்தான் பேசினாள் என்று நினைக்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாதி வார்த்தையை முழுங்கிவிடுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் எது நல்ல பதிவு, எது மோசம் என்று எல்லோரும் என்னைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். இப்போது இவன் எனக்கே பாடம் நடத்துகிறான். அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? இல்லை, இந்த நட்பே வேண்டாம் என்று விட்டுவிடட்டுமா?

பெயர் வேண்டாம்.

ஆலோசகர் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் பிளான்ட் முணுமுணுக்கிறார். நண்பர் வாய்க்குள் பேசுகிறார். மகள் வார்த்தையை முழுங்குகிறார். ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர், அதுவும் ஒருவர் உலகப் புகழ்பெற்ற பாடகர், ஒரே சமயத்தில் உங்களிடம் மட்டும் தெளிவில்லாமல் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்பதை நம்பச் சற்றுக் கடினமாக இருக்கிறது. நடுவில் அடைப்புக்குறி போட்டு ஒரு சில்வண்டை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். 'அது கிடக்கட்டும்' என்றும் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அதைக் கிடக்க விட மனமில்லை.

காது ஒரேயடியாக மங்குவது அபூர்வம். பெரும்பாலும் மேல் சுருதிகள்தான் முதலில் போகும். சத்தத்தால் வரும் பாதிப்பு 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில், குறிப்பாக 4000-ஐ ஒட்டி, ஒரு பள்ளமாகத் தொடங்கும். வயதால் வருவது இன்னும் மேலே, 8000 பக்கத்திலிருந்து கீழே இறங்கும். சிம்பலின் பளபளப்பும், பாடகர் மூச்சிழுக்கிற ஓசையும், ச, ஸ, ஃப போன்ற ஒலிகளின் கூர்மையும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. உயிர் ஓசைகள் கீழே இருப்பதால் அவை பழையபடியே கேட்கும். அதனால் 'எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது, இவர்கள்தான் தெளிவாகப் பேசுவதில்லை' என்று தோன்றும். கட்டு, தட்டு, பட்டு மூன்றும் ஒன்றாகக் கேட்கும். போனில் இது இன்னும் மோசம், பேசுகிறவரின் உதடு தெரியாது.

'அப்படியானால் 1982 ஆல்பம் மட்டும் எப்படித் துல்லியமாகக் கேட்கிறது?' என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் வழக்கின் முடிச்சே அங்கேதான். ராபி பிளன்ட்டின் கிடாரை வரி வரியாகச் சொல்வேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி மனப்பாடமான பாட்டில், காதுக்கு வராததை மூளை நினைவிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும். நீங்கள் கேட்பதில் ஒரு பங்கு இளமையில் கேட்டது. காது மங்கத் தொடங்கிய பிறகு கேட்ட ஆல்பங்களுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. ஒரு பாடகரின் பிந்தைய ஆல்பங்கள் எல்லாம் மந்தமாகவும், முந்தையவை எல்லாம் பளிச்சென்றும் கேட்பதற்கு இதுவே போதும்.

நீங்கள் முழுக்கத் தவறு என்று சொல்லவில்லை. 'ரைஸிங் சாண்ட்' மென்மையாகவே பதிவு செய்யப்பட்டது. தயாரிப்பாளர் டி-போன் பர்னெட்டின் பாணி அது. டிரம்மர் ஜே பெல்லரோஸின் வாசிப்பிலும் பான்ஹாம் மாதிரியான இடி இருக்காது. எனவே அந்த ஒரு ஆல்பத்தை வைத்து உங்கள் காதை எடைபோட முடியாது. ஆனால் 1993-க்குப் பிறகு எல்லாமே முணுமுணுப்பு என்கிறீர்களே, 2005-ன் 'மைட்டி ரீஅரேஞ்சர்' எங்கே போயிற்று? அதில் முறுக்கேறிய கிடாரும் திறந்த குரலுமாக மனிதர் நன்றாகவே சத்தம் போடுகிறார். பட்டியலில் அதைச் சேர்க்காமல் விட்டது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 'ப்ளீஸ் ரீட் த லெட்டர்' என்ற பாடல் இரண்டு ஆல்பங்களில் இருக்கிறது. 1998-ல் பேஜுடன் போட்ட 'வாக்கிங் இன்டு கிளார்க்ஸ்டேல்' ஆல்பத்தில் முதலில் வந்தது, பதிவு செய்தவர் ஸ்டீவ் ஆல்பினி. அடுத்தது 'ரைஸிங் சாண்ட்' வடிவம். வால்யூமை நடுவுக்குக் கீழே வைத்து, ட்ரெபிளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, இரண்டையும் கேளுங்கள். பிறகு ஹெட்போனை இடம் வலமாக மாற்றி மாட்டிக்கொண்டு மறுபடி கேளுங்கள். மந்தம் வலது காதுக்கு இடம் மாறினால் பழி ஹெட்போனுக்கோ பதிவுக்கோ போகும். இடது காதிலேயே நின்றால் காதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்காக இந்தச் சோதனையோடு நின்றுவிடாதீர்கள். ஒரு பக்கத்தில் மட்டும் வருகிற இரைச்சலை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும், சோதனை முடிவு எதுவானாலும் சரி. காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் உள்ளே குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். சில சமயம் அதை எடுத்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் (நீங்களாகப் பஞ்சுக் குச்சி விட்டுக் குடையாதீர்கள், குறும்பி உள்ளேதான் தள்ளப்படும்). அடுத்து ஆடியோமெட்ரி. சத்தம் புகாத அறையில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியாக ஒலிக்க விட்டு, எந்த அளவில் உங்களுக்குக் கேட்கத் தொடங்குகிறது என்று இரண்டு காதுக்கும் தனித்தனியாகக் கோடு போடுவார்கள். இரண்டு கோடுகளும் வெகுவாக விலகியிருந்தால் ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். பெரும்பாலும் அதில் ஒன்றும் இருக்காது, இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது. ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளுக்குள், அடைத்தாற்போல் ஆனால் மட்டும் முன்பதிவுக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே ஓடுங்கள். அதற்கு மருந்து வேலை செய்கிற காலம் மிகக் குறுகியது.

அதுவரை வால்யூம் விஷயத்தில் கை கட்டுப்பாடு வேண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பணியிடங்களுக்கு வகுத்த வரம்பு. மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 100 டெசிபலை எட்டும்போது மிஞ்சுவது கால் மணி நேரம்தான். மங்கிய காதுக்கு ஈடுகட்ட வால்யூமை ஏற்றினால், மீதமிருக்கிற காதையும் சேர்த்துத் தேய்க்கிறீர்கள். இரவில் சில்வண்டு தொந்தரவு செய்தால் அறையை முழு நிசப்தமாக வைக்காதீர்கள். மின்விசிறி ஓசையோ, தாழ்வாக ஒலிக்கிற ஏதாவது இசையோ இருக்கட்டும். நிசப்தத்தில்தான் அது பெரிதாகத் தெரியும்.

இனி மனசு விஷயம். கடிதத்தின் கடைசியில், எது நல்ல பதிவு என்று எல்லோரும் உங்களைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள் என்கிறீர்கள். உங்கள் பயம் அந்த வரியில்தான் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் உங்கள் மரியாதை உங்கள் காதில் நிற்கிறது. நண்பருக்கு மூச்சுச் சத்தம் கேட்டு உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் இரண்டு முடிவுகளுக்குத்தான் வர முடியும்: அவர் அளக்கிறார், அல்லது உங்களுக்குக் கேட்கவில்லை. இரண்டாவதைத் தொடவே நீங்கள் தயாராக இல்லை, அதனால் நண்பரைப் பொய்யராக்கினீர்கள். 'என்ன தப்பு' என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பு அதுதான். பத்துப் பேர் முன்னால் அவரைப் பொய் சொல்கிறவர் என்றீர்கள், அவர் தனக்குக் கேட்டதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிளான்ட் மேல் உங்களுக்கு இருக்கிற கோபமும் இசைக் கோபம் மட்டும்தானா என்று யோசியுங்கள். ஓ2 மேடையில் நின்றபோது அவருக்கு வயது 59. 1970-ல் 'இமிக்ரன்ட் சாங்' தொடக்கத்தில் வருகிற அந்த ஓலம் இனித் தொண்டைக்கு எட்டாது என்பது எல்லோருக்கும் முன்னால் அவருக்குத்தான் தெரிந்திருக்கும். அன்றைக்கே சில பாடல்களின் சுருதியை இறக்கித்தான் பாடினார்கள். ஒரு சுற்றுப்பயணம் முழுக்க இரவுக்கு இரவு பழைய உயரத்தைத் தாவிப் பார்ப்பதா, இருக்கிற குரலுக்கு வேறு வேலை தேடுவதா என்பதுதான் அவர் முன்னாலிருந்த கேள்வி. முன்வரிசைப் பாடகராகவே இருந்த மனிதர் இன்னொரு குரலோடு இழைந்து, அதற்கு வழிவிட்டுப் பாடக் கற்றுக்கொண்டார். 2014-ல் வந்த ஆல்பத்தில் காம்பியா நாட்டு ஜுல்தே கமாராவின் ரிட்டி என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தை உள்ளே கொண்டுவந்தார். உடம்பு ஒன்றை எடுத்துக்கொண்டதை ஊரறிய ஏற்றுக்கொண்டுவிட்டுத் தொடர்ந்து வேலை பார்த்தார். அதை நீங்கள் துரோகம் என்கிறீர்கள். உங்கள் இடத்தில் அப்படி ஏற்றுக்கொள்ள முடியாததால்தான் அது அவ்வளவு உறுத்துகிறது என்பது என் கணிப்பு.

காது போனால் கேட்கிற ரசனையும் போய்விடும் என்று நினைக்காதீர்கள். த ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டுக்குக் காது இரைச்சல் இருப்பது ஊரறிந்தது, அவரே ஸ்டுடியோ ஹெட்போனைக் குற்றம் சொல்லியிருக்கிறார். ஏசி/டிசி ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016-ல் செவித்திறன் குறைவால் சுற்றுப்பயணத்தை விட்டு விலகினார், 2020 ஆல்பத்தில் திரும்ப வந்து பாடினார். கேட்புக் கருவி தேவைப்பட்டால் ஒன்று மட்டும் கேட்டு வாங்குங்கள்: இசைக்கென்று தனி அமைப்பு இருக்க வேண்டும். பேச்சுக்காக அமைத்த கருவி, நீண்டு ஒலிக்கிற ஸ்வரத்தை விசில் என்று நினைத்து நசுக்கும், பாட்டு நடுங்குவது போலக் கேட்கும். முதல் சில வாரங்கள் எல்லாமே தகரச் சத்தமாக இருக்கும். அதற்குப் பயந்து மேசை டிராயரில் போட்டு வைப்பவர்கள்தான் அதிகம்.

நட்பை விடுவதா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆடியோமெட்ரி முடிவு வரும்வரை காத்திருக்காமல் நண்பருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். போன் வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள். மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, காதைக் காட்டப் போகிறேன், அன்றைக்கு உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இவ்வளவு போதும். ஆல்பத்தைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம், வாதத்தில் விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். பிந்தைய ஆல்பங்கள் செப்பலினையே மிஞ்சியவை என்று அவர் சொல்வதும் அதிகப்படிதான், நான்கு பேர் சேர்ந்து செய்ததையும் ஒருவர் தனியே செய்ததையும் ஒரே தராசில் வைக்கிறார். அதை ஆற அமரப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். மகளிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், வீடியோ அழைப்பில் பேசினால் பாதிக் குழப்பம் தீரும்.

'ஷேக்கன் அண்ட் ஸ்டர்ட்' பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை.