ஆய்வறிக்கையை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருக்கிறேன். படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு வரைதான். வாய்மொழிக் குத்தகையில் சாகுபடி செய்யும் 70 குடும்பங்களுக்குப் பயிர்க் காப்பீடு ஏன் கிடைப்பதில்லை என்று ஆய்வு செய்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 25,000 ரூபாய் கொடுத்தால் அறிக்கையும் பயிற்சிச் சான்றிதழும் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இத்தகையவர்களின் வேலை எனக்குப் பழக்கமானது. முந்நூறு படிவங்களை அச்சடித்து, அவற்றில் பாதியைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஒரே கையெழுத்தில் நிரப்பி, வண்ண வரைபடங்களுடன் உங்கள் ஊரார் ஒருவருக்கும் புரியாத ஆங்கிலத்தில் கட்டித் தருவார்கள். கோட்டாட்சியர் அதைப் புரட்டிவிட்டு, "இந்த 38 பேர் எந்தத் தெரு?" என்று கேட்டால் விழித்துக்கொண்டு நிற்கப்போவது நீங்கள்தான். சான்றிதழும் அப்படித்தான். கோப்புறை, மதியச் சாப்பாடு, குழுப் புகைப்படம் ஆகியவற்றோடு முடிந்துபோகும் பயிற்சிகளில் நானும் பேசியிருக்கிறேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

எழுபது குடும்பங்களுக்கு மாதிரிக் கணக்கெடுப்பு எதற்கு? எல்லா வீட்டிற்கும் போய்விடுங்கள். நடவும் அறுவடையும் நடக்கும் வாரங்களைத் தவிர்த்து, மாலை நேரத்தில் போங்கள். "ஏன் காப்பீடு செய்யவில்லை?" என்று கேட்டால் "தெரியலைங்க" என்பதற்கு மேல் ஒன்றும் வராது, "போன சம்பாவுக்கு அடங்கல் வாங்க யாரிடம் போனீர்கள், அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டால் நடந்த கதை வெளியே வரும். (அடங்கல் என்பது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று; காப்பீட்டுக்கு அதைத்தான் கேட்கிறார்கள்.) அளவுகளில் கவனமாக இருங்கள். ஒருவர் மாவில் சொல்வார், இன்னொருவர் ஏக்கரில் சொல்வார். மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். களத்து மூட்டை பெரும்பாலும் 60 கிலோ, கொள்முதல் நிலையத்துச் சிப்பமோ 40 கிலோ. இரண்டையும் "மூட்டை" என்றே எழுதி வைத்தால் உங்கள் விளைச்சல் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு பிசகிவிடும்.

யார் சொன்னது என்று பெயருடன் குறித்துக்கொள்வதே களப்பணியின் பொது விதி. உங்கள் ஆய்வு அதற்கு விலக்கு. குத்தகை உரிமைப் பதிவுக்கு 1969ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. பதிவானால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சத்தில்தான் பல உடைமையாளர்கள் எழுத்தில் எதையும் தருவதில்லை. இந்நிலையில் குத்தகைதாரரின் பெயர் உங்கள் அறிக்கையில் வந்தால், அடுத்த குறுவைக்கு அவருக்கு நிலம் இல்லாமல் போகலாம். ஆகவே படிவத்தில் எண் மட்டும் இருக்கட்டும். எண்ணுக்குரிய பெயர்களைத் தனி நோட்டில் எழுதி, அலுவலகத்தில் வைக்காமல் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது. பெயரை நீக்கினால் மட்டும் போதாது. "கீழத்தெருவில் நான்கு மா பயிரிடும் கைம்பெண்" என்று எழுதினால் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். பலர் முன்னிலையில் "என் பேரைப் போட்டுக்குங்க" என்று சொன்னவரிடமும் மறுநாள் தனியாக ஒருமுறை கேளுங்கள்.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் தொடங்கியபோதே குத்தகைதாரரும் பங்குச் சாகுபடியாளரும் சேரலாம் என்றுதான் விதி எழுதினார்கள். பிறகு, அவர்களிடம் இருக்கவே முடியாத ஆவணத்தைக் கேட்டார்கள். இப்போது, அவர்கள் ஏன் சேரவில்லை என்று உங்களைக் கொண்டு ஆய்வு நடத்துகிறார்கள்! காரணம் தாசில்தார் அலுவலக வராந்தாவில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும், எண்ணிக் காட்டாதவரை அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளப்போவதில்லை.

அறிக்கை தமிழில் இரண்டு பக்கம் போதும். முதல் பத்தியிலேயே எண்ணிக்கை வரட்டும்: 70 குடும்பங்களில் எத்தனை பேர் அடங்கல் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, மற்றவர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன. அனுப்புவதற்கு முன் அந்தக் குடும்பங்களைக் கூட்டி உரக்கப் படித்துக் காட்டுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்துவார்கள். அலுவலகத்தில் பதிவான எண்ணிக்கை தேவைப்பட்டால் 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தமிழிலேயே மனுச் செய்யலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அதற்கும் இடைத்தரகர் வேண்டியதில்லை. அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். வாசகம் பதிவேட்டில் ஏறியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு எழுதிக்கொள்ளும் வழக்கம் பல ஊராட்சிகளில் உண்டு.