உறவினர் ஒருவரின் நீண்ட மணவாழ்வை நீங்கள் எவ்வாறு கொண்டாடினீர்கள்?

என் பெரியம்மாவும் பெரியப்பாவும் 1974ஆம் ஆண்டு, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தின் மாரியம்மன் கோவிலில் மணம் புரிந்தவர்கள். 2024இல் ஐம்பது ஆண்டுகள் நிறைவடைந்தபோது, அதைக் கொண்டாடும் பொறுப்பை அவர்களுடைய பிள்ளைகளோடு நானும் ஏற்றேன்.

திருமணச் சான்றிதழைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு வைக்க எண்ணித் தேடினோம். அப்படி ஒன்று இல்லவே இல்லை. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோரின் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களை அச்சட்டமே பதிவு பெற்றவையாகக் கருதுவதால், இவர்களும் தாலியோடும் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தோடும் இத்தனை காலத்தையும் ஓட்டிவிட்டார்கள். ஈரம் பட்டுப் பெரியப்பாவின் ஒரு தோள் மங்கிப்போயிருந்த அந்தப் படத்தையே சட்டமிட்டோம்.

மண்டபம் வேண்டாம், தாலி கட்டிய கோவிலே போதும் என்று பெரியம்மா சொல்லிவிட்டார். தோட்டத்தில் இப்போது பால்மரங்கள் இல்லை, எல்லாம் எண்ணெய் தரும் செம்பனை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களும் போய்விட்டன. அறுபது வயதுக்கும் எண்பது வயதுக்கும் மரபில் சடங்கு உண்டே தவிர, ஐம்பதாவது மணநாளுக்கென்று தனியாக ஏதுமில்லை. ஆகவே அர்ச்சனை, மாலை மாற்றுதல், வாழையிலைச் சாப்பாடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டோம்.

‘இருவரும் சண்டையே போட்டதில்லை’ என்று உறவினர் ஒருவர் அங்கே பேசினார். பள்ளி விடுமுறைகளை அவர்கள் வீட்டில் கழித்த நான் அதை நம்பமாட்டேன். சம்பள நாளில் கள்ளுக்கடைப் பக்கம் போய்விட்டுப் பெரியப்பா தாமதமாக வந்தால் லயம் முழுக்கக் கேட்கும். ஆனால் அந்த இரவுகளிலும் அவர் வாசற்படியில் அமர்ந்து, ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் இரண்டு உளிகளைத் தீட்டாமல் படுத்ததில்லை. முதலில் பெரியம்மாவின் உளி. சாணைக்கல்லில் நீர் தெளித்துத் தீட்டி, கட்டைவிரல் நகத்தில் வைத்துக் கூர் பார்த்த பிறகே தன்னுடையதை எடுப்பார். மழுங்கிய உளி மரப்பட்டையைக் காயப்படுத்துவதோடு, வெட்டுகிறவரின் மணிக்கட்டையும் வாட்டிவிடும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே வேலை தொடங்கிவிடும். பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, நிற்கும் நேரத்தில் தீட்டிக்கொண்டிருக்க முடியாது.

என்னைப் பேச அழைத்தபோது இதை மட்டும் சொல்லிவிட்டு, அவர்கள் மகன் பத்திரமாக வைத்திருந்த அந்த இரண்டு உளிகளையும் தாம்பாளத்தில் வைத்து நீட்டினேன். பெரியப்பா சிறியதை எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்தார்.

“முனை போயிருச்சே. கல்லு எங்கடா?” என்றார்.

மாலையும் கையுமாக நின்ற பெரியம்மா, “இப்ப எந்த மரத்த வெட்டப் போறீங்க? கை வலிக்குது, குனிங்க மொதல்ல” என்றார்.