எச்ஐவியுடன் பிறந்த குழந்தை எத்தனை வயது வரை வாழும்? வளர்த்தவள் ஒருத்தியின் பதில்

எச்ஐவியுடன் பிறந்த குழந்தைகள் எத்தனை வயது வரை வாழ்வார்கள் என்றும், உறவினர் வீட்டுக் குழந்தை ஒன்றை வளர்க்கும் பொறுப்பு உங்களுக்கு வந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும், குழந்தையின் தாய் இப்போது இல்லை என்றும் வீட்டுப் பெரியவர்கள் உங்களைத் தடுக்கிறார்கள் என்றும் ஊகிக்கிறேன். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது. 2003-இல் என் தங்கை இறந்தபோது அவள் மகளுக்கு இரண்டு வயது. இப்போது 24. சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் எங்களோடுதான் இருக்கிறாள்; காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள். அவள் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் இதை இடுகிறேன். ஆகவே, பிள்ளையின் நோயை ஊருக்குச் சொல்கிறாளே என்று தயவுசெய்து எவரும் என்மேல் பாய வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்தே கொடுக்காமல் விட்டால் இக்குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டு வயதுக்குள் இறந்துவிடுவார்கள். மருந்தைச் சீக்கிரம் தொடங்கி நாள் தவறாமல் கொடுத்தால் அவர்கள் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், திருமணமும் செய்துகொண்டு, தொற்றில்லாத குழந்தைகளைப் பெறுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் நடந்து 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிறந்த சில வாரங்களிலேயே மருந்து தொடங்கப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு, காத்திருந்து தொடங்கிய குழந்தைகளைக் காட்டிலும் 76 விழுக்காடு குறைவாக இருந்தது. உங்கள் குழந்தை கைக்குழந்தை என்றால், உண்மையிலேயே தொற்று இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வழக்கமான சோதனை தேடுவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை; தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளே 18 மாதம் வரையிலும் குழந்தையின் இரத்தத்தில் தங்கக்கூடும் என்பதால், கிருமியையே தேடிப் பார்க்கும் பிசிஆர் சோதனைதான் அந்த வயதில் செல்லும். நான் மருத்துவம் படித்தவள் அல்லள், பேரங்காடியில் காசாளராக இருந்தவள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர்களின் முன்னால் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை மட்டுமே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் கர்ப்பிணிகள் அனைவருக்கும் எச்ஐவி சோதனை செய்யும் வழக்கம் 2004 டிசம்பரில்தான் வந்தது. என் தங்கை பிள்ளை பெற்றது 2001-இல். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவளுக்கு மருந்து கொடுத்து, குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தி, தொற்று போகாமல் தடுத்திருக்கலாம். அதற்கான மருந்து 1994 முதலே உலகில் இருந்தது. இதை எண்ணாமல் நான் உறங்கிய இரவுகள் குறைவு.

அதே 2001-இல்தான் என்கோசி ஜான்சன் என்ற தென்னாப்பிரிக்கச் சிறுவன், தாயிடமிருந்து பெற்ற இந்தத் தொற்றால் 12 வயதில் இறந்தான். டர்பனில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டு மேடையில், உடம்புக்குப் பொருந்தாத பெரிய கோட்டு அணிந்து அவன் நின்ற படத்தைச் செய்தியில் பார்த்திருந்தேன். எங்கள் பிள்ளைக்கும் 12 தான் கணக்கு என்று அந்தப் படம் என் மனத்தில் எழுதிவிட்டது. அவன் நாட்டில் அப்போது எளிதில் கிடைக்காத கூட்டு மருந்து, அதாவது பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை, இவளுக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது என்ற வேறுபாட்டை நான் பல ஆண்டுகள் யோசிக்கவே இல்லை. மருத்துவமனைக்கு அவளை மூன்றாவது முறை அழைத்துப் போயிருந்தபோது மருத்துவர், "தொடக்கநிலை ஒன்றுக்கு எந்தப் பள்ளியில் போடப் போகிறீர்கள்?" என்று கேட்டார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்து கொடுப்பதுதான் கடினம் என்று எல்லோரும் சொல்வார்கள். கடினம்தான். அந்தக் காலத்துச் சிரப்பு அவ்வளவு கசப்பு. ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தின் உட்புறமாக விட்டு, விழுங்கிய உடனே ஒரு கரண்டி கெட்டிப்பால் ஊட்டுவேன். காலை எட்டு, இரவு எட்டு. குளிர்பதனப் பெட்டியின் கதவில், இஞ்சி பூண்டு விழுதுக்குப் பின்னால் அந்தப் போத்தல் நிற்கும். காலியானதும் அதன் மேலிருந்த தாளை வெந்நீரில் ஊறவைத்து, நகத்தால் சுரண்டிவிட்டுத்தான் குப்பையில் போடுவேன். இப்போதுள்ள குழந்தைகளுக்குத் டோலூடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்து தண்ணீரில் கரையும் மாத்திரையாகவே வந்துவிட்டது. 2020 செப்டம்பரிலிருந்து இங்கே எச்ஐவி மருந்துகளுக்கு மானியமும் உண்டு. அந்த வகையில் உங்கள் பாடு எங்கள் பாட்டைவிட எளிது.

நான் தவறு செய்த இடம் வேறு. சாகப் போகும் பிள்ளை என்று எண்ணியே அவளை வளர்த்துவிட்டேன். அன்புக் குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் என் மகனை வீட்டுப்பாடத்துக்காக அதட்டிய நான், அவளை ஒரு நாளும் அதட்டியதில்லை. அவனுக்குத் துணைப்பாட வகுப்பு, நீச்சல், பல் வரிசைக்குக் கம்பி. அவளுக்கு "களைப்பாக இருந்தால் படுத்துக்கொள், கண்ணு." தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு வந்த ஆண்டில் அவளுக்கு 12 வயது, அவள் உயிரோடு இருப்பதே போதும் என்று மதிப்பெண்ணைக் கேட்கக்கூட இல்லை. பிறகு தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் சேர்ந்தாள். அந்தக் கல்வியை நான் தாழ்த்திச் சொல்லவில்லை; அங்கிருந்துதான் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போய் இன்று நல்ல வேலையில் இருக்கிறாள். அவள் என்னவாக விரும்புகிறாள் என்று நாங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

உறவினர்களின் பங்கும் இதில் உண்டு. ஒரு புதுமனைப் புகுவிழாவில் மற்றப் பிள்ளைகளுக்கு எவர்சில்வர் டம்ளரில் பாயசம் வந்தது, இவளுக்கு மட்டும் காகிதக் குவளையில். எச்சிலில் பரவாது என்று அப்போதே ஊரறிந்த செய்தி. பிள்ளை அந்தக் குவளையைக் கசக்காமல், திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தது. 2019 ஜனவரியில் எச்ஐவி உள்ள 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்துவிட்டதாகச் செய்தி வந்த இரவு, நான் முதலில் பயந்தது அந்த விருந்துக்கு வந்திருந்தவர்களை நினைத்துத்தான்.

நோயின் பெயரை அவளுக்குப் 14 வயதில் சொன்னேன். பள்ளி வயதிலேயே, 12-க்குள், படிப்படியாகச் சொல்ல வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2011-இலேயே வழிகாட்டியிருந்தது. நான்தான் நாளைக் கடத்தினேன். மறு ஆண்டு இரத்தச் சோதனையில் கிருமியளவு திடீரென ஏறியது. தலையணை உறையைக் கழற்றியபோது, நான்கு மாத மாத்திரைகள் காலுறை ஒன்றில் முடிச்சுப் போட்டுக் கிடந்தன. ஏன் என்று கேட்டதற்கு, "நான் பெரியவளாக மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியுமே பெரியம்மா, அதனால்தானே அண்ணனைத் திட்டுவது போல என்னைத் திட்டவே இல்லை?" என்றாள். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மருந்தை மாற்றி, ஒரு தாதியின் பொறுமையால் அவள் மீண்டும் விழுங்கத் தொடங்கி, கிருமியளவு கண்டறிய முடியாத நிலைக்கு வர ஓராண்டு ஆயிற்று. இன்றுவரை அப்படியே இருக்கிறது. இந்நிலையில் உள்ளவரிடமிருந்து உடலுறவின் வழியே துணைவருக்குத் தொற்று பரவுவதில்லை. குறையே இல்லை என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். அவள் வயதுப் பெண்களைவிட உயரம் குறைவு. பழைய மருந்தொன்றால் கன்னத்தில் விழுந்த ஒடுக்கம் முழுதும் போகவில்லை. எலும்பையும் சிறுநீரகத்தையும் அவ்வப்போது சோதிக்கிறார்கள். மருந்தே இல்லாத 1984-இல் தொற்றோடு பிறந்த அமெரிக்கப் பெண் ஹைடியா பிராட்பென்ட் 39 வயது வரை வாழ்ந்து 2024-இல் மறைந்தார். உங்கள் குழந்தை பிறந்திருப்பது அதைவிட மிக நல்ல காலத்தில்.

ஆகவே குழந்தையை அழைத்து வாருங்கள். வந்ததும் அதன் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்குங்கள். என் மகனுக்கு அவன் பிறந்த மாதத்திலிருந்து 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போட்டு வந்தேன்; இவள் பெயரில் ஒரு காசும் போட்டதில்லை. சென்ற தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தபோது, 35 வயதானால் தனியாளாகவே வீவக வீடு, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடு வாங்கலாம், இன்னும் பதினோரு வருடம் இருக்கிறது என்று அவள் கணக்குப் போட்டாள். அடுத்த வாரமே வங்கிக்குப் போய் மாதம் 200 வெள்ளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.